உடும்புப் பிடிக்கும் ஓர் அளவுகோல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உடல் வலிமை வேடிக்கையா, தேவையா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் ஓட்டத்தைப் பற்றியும் பளுதூக்குதலைப் பற்றியும் பேசினார்கள். நான் உடம்பில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது கை. அதிலும் கையின் பிடி.

விடாமல் பற்றிக்கொள்பவனை 'உடும்புப் பிடி' என்கிறோம். ஒரு செய்தி தெரிந்தால் 'பிடி கிடைத்தது' என்கிறோம். ஊர்ப்பக்கம் இளவட்டக்கல்லைத் தூக்குகிறவனைத்தான் ஒரு காலத்தில் ஆண்பிள்ளை என்றார்கள். வழவழப்பான அந்த உருண்டைக் கல்லில் பிடிப்பதற்கு ஒன்றுமே இராது. முதுகில் எவ்வளவு பலம் இருந்தாலும் விரல் நழுவினால் கல் தரையில்தான் கிடக்கும். ஆக, வலிமையின் வாசற்படி பிடிதான்.

இந்தப் பிடியை மனிதன் எப்படி அளந்தான்? எதற்காக அளந்தான்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் வேடிக்கையும் உண்டு, வெட்கப்பட வேண்டிய பக்கமும் உண்டு.

முதல் கருவியும் முதல் தவறும்

1798ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் எட்மே ரெக்னியே என்பவர், விசையை அளக்கும் ஒரு கருவியைப் பற்றி எழுதினார். நீள்வட்டமான எஃகு வில். அதைக் கைகளால் அழுத்தினால் முள் நகர்ந்து எத்தனை கிலோ என்று காட்டும். எளிமையான, அருமையான கருவி.

1800இல் பிரான்ஸிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட போதேன் ஆய்வுப் பயணத்தில் இந்தக் கருவியும் கப்பலேறியது. அதைக் கையாண்டவர் பிரான்சுவா பெரோன் என்ற இளம் ஆய்வாளர். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகள், சிட்னி வட்டாரத்தின் பூர்வகுடிகள், நம் அண்டைத் தீவான திமோரின் மக்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என ஐந்து பிரிவினரை அழுத்தச் சொன்னார். பூர்வகுடிகள் ஏறக்குறைய 51 கிலோ, திமோர் மக்கள் 59, பிரெஞ்சுக்காரர்கள் 69, ஆங்கிலேயர்கள் 71 என்று சராசரி எழுதினார். நாகரிகம் ஏற ஏற வலிமையும் ஏறுகிறது என்று முடிவும் கட்டினார்.

நேயர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். அளக்கப்பட்டவர்கள் சொற்பமான பேர். எங்கிருந்தோ கப்பலில் வந்திறங்கிய அந்நியர், முன்பின் பார்த்திராத ஓர் இரும்புப் பொருளைக் கையில் கொடுத்து 'அழுத்து' என்றால், எவன் முழு மூச்சோடு அழுத்துவான்? உயரம், உணவு, வயது, செய்யும் தொழில் எதையும் பெரோன் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. முள் காட்டிய எண்ணில் பொய் இல்லாமல் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து ஓர் இனத்தையே தாழ்த்தியதுதான் பொய். 'பின்தங்கிய மக்கள்' என்ற முத்திரைக்கு ஒரு கருவி சாட்சியாக்கப்பட்டது.

மேடையேறிய பிடி

அடுத்த நூற்றாண்டில் பிடி மேடைக்கு வந்தது. புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ, நடுவில் இரண்டாகப் பிளந்து இடையில் சுருள்வில்கள் பொருத்திய கைக்குண்டுகளை விற்றார். தூக்கும்போதே அழுத்தவும் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் கைப்பிடிச் சுருளுக்கு அது ஒரு மூதாதை.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரைச் சேர்ந்த தாமஸ் இஞ்ச் என்பவரிடம் ஓர் இரும்புக் கைக்குண்டு இருந்தது. எடை 172 பவுண்டு, அதாவது 78 கிலோ. எடை பெரிதல்ல. அதன் கைப்பிடி ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தடிமன். விரல்கள் சுற்றி வளைக்க முடியாது. தூக்கப் போனால் குண்டு உருண்டு விரல்களைத் திறந்துவிடும். தூக்குபவருக்கு 200 பவுண்டு பரிசு என்று அறிவித்து ஊர் ஊராகச் சவால் விட்டார் இஞ்ச். பெரிய பெரிய பளுதூக்கிகள் எல்லாம் தோற்றுப் போனார்கள்.

ஆனால் அதே தோற்றத்தில் எடை குறைந்த குண்டுகளும் இஞ்ச்சிடம் இருந்தன. எந்த மேடையில் எந்தக் குண்டைத் தூக்கினார் என்ற கேள்வி பின்னால் எழுந்தது. அவருடைய பலத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடுவர் இல்லாத சவாலில் பலத்துக்கும் தந்திரத்துக்கும் இடையே கோடு போட முடியாது என்பதுதான் என் கருத்து.

எண் 3, எண் 4

அந்தக் கோட்டைப் போட்டவை கைப்பிடிச் சுருள்கள். இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு சுருள்வில், அவ்வளவுதான். விளையாட்டுக் கடையில் பிளாஸ்டிக் பிடியுடன் கிடைப்பதைச் சிறு பிள்ளைகளும் அழுத்தி மூடிவிடுவார்கள். நான் சொல்வது வேறு வகை. 1960களில் அமெரிக்காவின் 'அயர்ன் மேன்' இதழ் வழியாகக் கனத்த சுருள்கள் விற்கப்பட்டன. அந்த மரபைத் தொடர்ந்து, ரேண்டல் ஸ்ட்ராஸன் தொடங்கிய அயர்ன்மைண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் 'கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ்' என்ற எஃகுச் சுருள்களை எண் போட்டு வெளியிட்டது.

எண் 1ஐ மூட 140 பவுண்டு விசை வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. எண் 2க்கு 195. எண் 3க்கு 280, அதாவது 127 கிலோ. எண் 4க்கு 365 பவுண்டு, சுமார் 166 கிலோ. உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போகும் வாலிபர்களில் பலர் எண் 2இலேயே நின்றுவிடுகிறார்கள்.

மூடுவதில் என்ன சிரமம்? சுருள் நெருங்க நெருங்க அதன் எதிர்ப்பு கூடுகிறது. விரல்களோ மடங்க மடங்கப் பலம் இழக்கின்றன. ஆகவே கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் போரே நடக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். விரலை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டு வழியாகச் செல்லும் தசைநாண்கள்தான் கயிறு போல விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரர் மறைவில் நிற்பது போலத்தான்.

1991இல் ரிச்சர்ட் சோரின் என்ற அமெரிக்கர் எண் 3ஐ மூடி முதல் சான்றிதழ் பெற்றார். எண் 4ஐ எவரும் மூட முடியாது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1998இல் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜோ கின்னி அதை மூடினார். அவர் மேடைப் பலசாலி அல்லர். தாமே செய்த ஒரு பொறியில், தம் பலத்தை மீறிய எதிர்ப்பை மூடிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல விடும் பயிற்சியைச் செய்து அந்த நிலையை எட்டினார். அதே 1998இல் உலகின் மிக வலிமையான மனிதர் பட்டம் வென்றவர் ஸ்வீடனின் மேக்னஸ் சாமுவல்சன். அவர் எண் 4ஐ மூடியது 2004இல்தான். அந்த ஆண்டு முடிய ஐந்தே பேர் எண் 4க்குச் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது பலத்தை விட விதிதான். சிலர் மறு கையால் சுருளைப் பாதிக்கு மேல் நெருக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் அழுத்துவார்கள். இதைத் தடுக்க எளிய வழி ஒன்று வந்தது. அழுத்தத் தொடங்குமுன் இரண்டு கைப்பிடிகளின் முனைகளுக்கு இடையே ஒரு கடன் அட்டை அதன் அகலவாட்டில் நுழைய வேண்டும். அதாவது 54 மில்லிமீட்டர் இடைவெளி. நம் எல்லோர் பணப்பையிலும் இருக்கும் அட்டையே நடுவராகிவிட்டது. பார்ப்பதற்கு நடுநிலையான சாட்சியும் வேண்டும். பெரோனிடம் இல்லாததும் இஞ்ச் மேடையில் இல்லாததும் இதுதான். எல்லோருக்கும் ஒரே அளவு, எல்லோருக்கும் ஒரே விதி.

மருத்துவர் கையில் அதே கருவி

'சரி, இரும்பை அழுத்துவதால் நமக்கு என்ன?' என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் எடுக்கிறது.

2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 17 நாடுகள், 35 முதல் 70 வயது வரை ஏறக்குறைய 1,40,000 பேர். அந்த 17 நாடுகளில் மலேசியாவும் ஒன்று, இந்தியாவும் ஒன்று. எல்லோருடைய கைப்பிடியையும் அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பிடி 5 கிலோ குறைந்தால் மரண அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. யார் முன்னதாக இறக்கக்கூடும் என்பதை, இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை விடக் கைப்பிடி தெளிவாகக் காட்டியது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சுருளை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயுள் நீளும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பிடி ஒரு கண்ணாடி. உடம்பின் தசை, உணவு, நடமாட்டம் எல்லாம் அதில் தெரிகின்றன. முகத்தில் அழுக்கு இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை.

முதுமையில் தசை கரைவதைக் கண்டறிய ஆசிய மருத்துவ வல்லுநர்கள் குழு, ஆசியர்களுக்கென்றே தனி வரம்பு வகுத்தது. 2019இல் திருத்தப்பட்ட கணக்கின்படி ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் மேலும் சோதிக்க வேண்டும்.

கவனித்தீர்களா? மக்களுக்கு மக்கள் பிடி வேறுபடுகிறது என்பதை இவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வேறுபாட்டை வைத்து யாரையும் தாழ்த்தவில்லை. ஐரோப்பியருக்கு உரிய அளவுகோலால் நம் தாத்தா பாட்டியை அளந்து தவறான முடிவுக்கு வரக்கூடாது என்பதற்காகவே தனி அளவு வைத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவமதிக்கப் பயன்பட்ட கருவி, இன்று காப்பாற்றப் பயன்படுகிறது. கருவி மாறவில்லை. பிடித்திருக்கும் கையின் நோக்கம் மாறிவிட்டது.

ஆகவே அவைத் தலைவர் அவர்களே, வலிமை வேடிக்கையா, தேவையா என்றால், வேடிக்கையாகத் தொடங்கித் தேவையில் வந்து நிற்கிறது என்பதே என் விடை. எண் 4ஐ மூட நம்மில் எவராலும் முடியாமல் போகலாம். வீட்டில் வயதான அம்மா ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் நம்மிடம் நீட்டும்போது, சிரித்துக்கொண்டே திறந்து கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். 'எப்போதிலிருந்து இப்படி?' என்று கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் சொல்லுங்கள். சந்தைப் பையில் பாதியை அவர் கையிலேயே விட்டுவிட்டு, உடன் நடந்து வாருங்கள்.