ஒகாட்சு என்றொரு ஊர்



யப்பானின் வடகிழக்குக் கரையில், மியாகி மாகாணத்தில், ஒகாட்சு என்றொரு சிறு பட்டினம் இருந்தது. தூரிகையால் எழுதுவதற்கு மை அரைக்கும் கல்லுக்குப் பேர்போன இடம். ஒருகாலத்தில் யப்பானில் செய்யப்பட்ட மைக்கற்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது. 1914 இல் திறக்கப்பட்ட டோக்கியோ புகையிரத நிலையத்தின் கூரைக்கும் ஒகாட்சுவின் கரிய கற்பலகைகளையே வேய்ந்தார்கள். கல்லும் கடலும்தான் அந்தச் சனங்களின் சீவியம்.

2005 ஏப்ரல் 1 ஆம் திகதி, ஒகாட்சு உட்பட ஆறு பட்டினங்கள் இஷினோமாகி நகரத்தோடு இணைக்கப்பட்டன. நாடு முழுவதும் இதுதான் நடந்தது. 1999 இல் 3,232 ஆக இருந்த உள்ளூராட்சி சபைகள் 2010 இல் 1,727 ஆகக் குறைந்தன.

ஒரு கணக்காளனாக இதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. இளையோர் நகரங்களுக்குப் போனார்கள், முதியோர் மிஞ்சினார்கள், வரி வருமானம் தேய்ந்தது. இணையும் சபைகளுக்கு அரசாங்கம் சலுகையும் காட்டியது. திட்டச் செலவில் 95 வீதம் வரை கடன் எடுக்கலாம், அதைத் திருப்பிக் கட்டுவதில் 70 வீதத்தை அரசாங்கமே ஈடுசெய்யும். எந்தக் கணக்காளன் வேண்டாமென்பான்?

ஆனால் ஐந்தொகையில் ஏறாத சொத்து ஒன்றுண்டு: தன் ஊர்க் காரியத்தைத் தானே முடிவுசெய்யும் உரிமை.

2011 மார்ச் 11 இல் ஆழிப்பேரலை ஒகாட்சுவை அடித்துச் சென்றது. பொதுமண்டபக் கூரைமேல் ஒரு பேருந்து ஏறி நின்றது. 2004 மார்கழியைக் கண்ட எங்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. மீண்டும் எங்கே குடியேறுவது என்ற கேள்வி எழுந்தபோது, ஒகாட்சுவுக்கென்று தலைவரும் இல்லை, சபையும் இல்லை. இருந்தது கிளை அலுவலகம் மட்டுமே. முடிவுகள் இழுபட, பலர் வேறிடம் போய்விட்டார்கள். ஏறத்தாழ 4,000 ஆக இருந்த சனத்தொகை மூன்றிலொன்றுக்கும் கீழே இறங்கியது. கரையில் 9.7 மீற்றர் உயர மதில் எழுந்தது.

பக்கத்திலிருக்கும் ஒனகாவா 2005 இல் இணையவில்லை. அணுமின் நிலைய வரிப்பணம் அதற்குக் கைகொடுத்தது. அதே அலையில் அந்த ஊரும் அழிந்தது; நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனால் தன் சபையோடு கூடிப் பேசி, 2015 இல் திறந்த புதிய புகையிரத நிலையத்தைச் சுற்றித் தன் பட்டினத்தை மீளக் கட்டியது. சனம் அங்கும் குறைந்ததுதான். என்றாலும் முடிவு அவர்களுடையது.

டோக்கியோ நிலையத்தைப் புதுப்பிக்க ஒகாட்சுவில் வைத்திருந்த கற்பலகைகளும் அலையில் சிதறின. அவற்றைப் பொறுக்கி, உப்புப்போகக் கழுவி அனுப்பினார்கள். 2012 இல் அவற்றில் ஒருபகுதி கூரையேறியது. சபை போனாலும் ஊரின் பெயரைக் கல் காப்பாற்றியது. கல்லில்லாத ஊர்களின் பெயரை, அங்கு பிறந்தவர்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.