மூளைநீர்த் தேக்கம்

மூளையின் உள்ளறைகளில் தண்டுவட நீர் மிகுதியாகத் தேங்கும் நிலை. வளர்ந்தவரின் உடலில் எந்நேரமும் 150 மி.லி. அளவில் இருக்கும் இந்நீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. சுரந்து இரத்தத்தில் கலந்துவிடும். வழி அடைபட்டாலோ, உறிஞ்சப்படுவது குன்றினாலோ அறைகள் விரிகின்றன. கைக்குழந்தைகளுக்குத் தலை பெருத்து, உச்சிக்குழி புடைக்கும். பெரியவர்களுக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம். பிறவிக்குறை, கட்டி, இரத்தக்கசிவு, மூளையுறைக் காய்ச்சல் ஆகியவை காரணங்களாகும்.

ஹிப்போகிரட்டீஸ் இந்நீரை இறக்கினார் என்பது வழக்கு. அவர் துளைத்தது உள்ளறையைத்தானா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. நீர் தேங்குமிடம் உள்ளறைகளே என்பதை 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் பதிவுசெய்தார்.

1910களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, பிளாக்ஃபேன் என்பவருடன் சேர்ந்து நாய்களுக்கு மூளைநீர் வழியை அடைத்து இந்நோயை உண்டாக்கிக் காட்டினார். நீரைச் சுரக்கும் இழைப்பின்னலை அகற்றினால் நோய் தீரும் என்று கருதி 1918இல் அச்சிகிச்சையையும் வெளியிட்டார். பின்னர் குரங்குகளில் நடந்த சோதனைகளில் பின்னலை எடுத்த பிறகும் நீர் சுரந்ததால், அவரது கருத்து எவ்வளவு சரி என்பது விவாதத்துக்குரியதாகவே உள்ளது. 1923இல் மிக்ஸ்டர் என்ற மருத்துவர், சிறுநீர்த்தாரையை நோக்கும் கருவியை மூளைக்குள் செலுத்தி மூன்றாம் அறையின் தரையில் துளையிட்டார்.

நிலையான தீர்வு வந்தது வால்வுடன்தான். 1949இல் பிலடெல்பியாவில் நல்சன், ஸ்பிட்ஸ் இருவரும் மூளைநீரைக் கழுத்துச் சிரைக்குக் கொண்டுசெல்லும் வால்வுக் குழாயை முதன்முதலில் பொருத்தினர். அதைப் பயன்படத்தக்கதாக்கியவர் மருத்துவரல்லர். பூட்டுத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய ஜான் ஹோல்டரின் மகன் 1955இல் முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்தான்; அவனுக்கும் மூளைநீர் தேங்கியது. குழாயில் ஊசி குத்திய துளை, உள்ளழுத்தம் கூடும்போது மட்டும் திறப்பதை மருத்துவமனையில் கவனித்த ஹோல்டர், ரப்பர் முனையில் கீறலிட்டு வீட்டிலேயே வால்வு செய்தார். பின்னர் சிலிக்கோனுக்கு மாறினார். 1956இல் அவர் செய்த முதல் வால்வு பொருத்தப்பட்டது அவர் மகனுக்கா, வேறொரு குழந்தைக்கா என்பதில் வரலாறுகள் ஒத்துப்போகவில்லை. ஹோல்டரின் மகன் ஐந்தாம் வயதில் இறந்தான். தந்தையோ வால்வுகளைச் செய்துகொண்டே இருந்தார்.

அந்த வால்வும் அடைபடும். 1960 டிசம்பரில் நியூயார்க்கில் டாக்சி மோதியதில் எழுத்தாளர் ரோல்டு டாலின் கைக்குழந்தை தியோ, தள்ளுவண்டியோடு தூக்கியெறியப்பட்டான். அதனால் மூளையில் தேங்கிய நீரை வடிக்கப் பொருத்திய குழாய் மீண்டும் மீண்டும் அடைபட்டது. இங்கிலாந்து திரும்பிய டால், மாதிரி விமானங்களுக்கு நுண்ணிய எஞ்சின் செய்த ஸ்டான்லி வேடையும், அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் ஒன்றுசேர்த்தார். மூவரின் பெயர் தாங்கிய வால்வு 1962இல் தயாரானது. அதற்குள் தியோவுக்கு வால்வே தேவைப்படவில்லை. மூவரும் அதில் லாபம் எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னர் குழாயின் மறுமுனை பெரும்பாலும் வயிற்றறையில் விடப்படலாயிற்று. இன்றும் அதுவே வழக்கமான ‘ஷன்ட்’. குழந்தைகளுக்குப் பொருத்துவனவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பழுதாவதுண்டு. முதியோருக்கு நடை தடுமாறி, நினைவு மங்கி, சிறுநீர் கட்டுப்படாமல் போகும் வகையை 1965இல் கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீம் விவரித்தார்.

இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் விலை குறைந்த ‘சாப்ரா’ ஷன்ட் பரவலானது. காசநோய் மூளையுறைக் காய்ச்சலால் நீர் தேங்கியவர்களுள் யாருக்கு அறுவை பயன்தரும் என்பதைக் கணிக்க, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991இல் நினைவுநிலையை முதன்மையாகக் கொண்ட நான்கு நிலை வகைப்பாட்டை வெளியிட்டனர்.

உகாண்டாவின் இம்பாலேயில் பெஞ்சமின் வார்ஃப், உள்நோக்கியால் அறைத் தரையைத் துளைத்து, இழைப்பின்னலையும் சுட்டெரிக்கும் முறையைக் கையாண்டார். அங்கு 100 குழந்தைகளை வைத்து நடத்தி 2017இல் வெளியான ஒப்பீட்டில், ஓராண்டுக்குப் பின் அறிவு வளர்ச்சியில் ஷன்டுக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.