மல்லசமுத்திர வட்டார மரவள்ளி: கரணையும் விதையும்

மல்லசமுத்திரம் நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோடு பக்கத்தில் உள்ள பேரூர். சுற்றுவட்டாரத்தின் முதன்மைப் பணப்பயிர்களில் ஒன்று மரவள்ளி. ஊர் வழக்கில் இது குச்சிக்கிழங்கு. பயிரை நடுவது குச்சியை வெட்டித்தான் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே.

தென்னமெரிக்கச் செடியான மரவள்ளி, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்சகால உணவாகப் பரப்பினார். சேலம் வட்டாரத்தில் அது ஆலைப் பயிரானது இரண்டாம் உலகப் போரின்போது. கிழக்காசியாவிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவு எடுக்கத் தொடங்கினார். பினாங்கிலிருந்து வந்த போப்பட்லால் ஷா ஜவ்வரிசித் தயாரிப்பில் அவருக்குத் துணைநின்றார். ஆலைகளுக்கான கூட்டுறவு விற்பனைச் சங்கமான சேகோசர்வ் 1981இல் அமைந்தது.

ஆலைக்காரர் கிழங்கை எடையோடு மாவுச்சத்தின் 'பாயிண்ட்'டையும் பார்த்தே விலை வைப்பார். எனவே வயல் முழுதும் ஒரே தரமாக இருக்க வேண்டும். அதைத் தருவது கரணை நடவு. முற்றிய தண்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 5000 கரணை நடுகிறார்கள். தாய்ச்செடியின் குணம் மாறாமல் அப்படியே வரும்.

திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் எச்-226 வகையை வெளியிட்டது. ஏத்தக்க கருப்பன் என்ற கேரள வகையையும் எம்-4 என்ற மலேயா வகையையும் ஒட்டி எடுத்த ஒரே ஒரு விதை நாற்றின் வாரிசுகளே இன்றுள்ள எச்-226 செடிகள் அனைத்தும். வேறு வார்த்தையில் சொன்னால், பல்லாயிரம் ஏக்கரில் நிற்பது ஒரே செடி.

கேடும் அங்கேதான். தேமல் நோய் நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்புகிறது. அதைவிட எளிதாக விவசாயியின் கையே பரப்புகிறது. இலை சுருங்கிய செடியின் குச்சியை வெட்டி அடுத்த பட்டத்துக்கு நட்டால் நோயும் கூடவே நடப்படுகிறது. அண்டை வீட்டாரிடம் குச்சி வாங்குவது இங்கே பழக்கம் என்பதால் ஊர்விட்டு ஊரும் போகிறது.

விதை வழியாக நோய் கடத்தப்படுவதில்லை என்ற அடிப்படையில், கிழங்குப் பயிர்கள் நிலையம் விதை நாற்று முறையை உருவாக்கியது. மூன்று அறைக் காயிலிருந்து எடுத்த விதையை மேட்டுப்பாத்தியில் விதைத்து, நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவது அது. நாற்று நோயின்றி வளரும். ஆனால் ஒரே காயின் விதைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு செடி நெடிது, ஒன்று குட்டை. கிழங்கின் மாவுச்சத்தும் வேறுபடும். முதல் ஆண்டில் ஆணிவேர் ஓடுவதால் கிழங்கும் சரியாகத் திரளாது. நல்ல செடியைத் தேர்ந்து, அடுத்த ஆண்டு அதன் குச்சியை நட்டபிறகே முழு விளைச்சல். 'பாயிண்ட்' பார்க்கும் சந்தையில் அந்த முதல் ஆண்டைத் தாங்க எந்தக் குடியானவரால் முடியும்?

ஆப்பிரிக்காவிலோ விதையே மீட்பு வழியானது. டாங்கனிக்காவின் அமானி நிலையத்தில் 1930களில் ஸ்டோரி மரவள்ளியைக் காட்டு உறவான சியாரா ரப்பர் மரத்தோடு கலந்து தேமலைத் தாங்கும் செடிகளைத் தேடினார். அங்கிருந்து விதையாக நைஜீரியாவுக்குச் சென்ற வழிமரபே இபதான் நிலையத்தின் எதிர்ப்பு வகைகளுக்கு அடித்தளம். அவற்றுள் ஒன்றே இந்தியாவில் ஸ்ரீ பத்மநாபா ஆனது.

2020க்குப் பிறகு மாவுப்பூச்சியும் சேலம், நாமக்கல் வயல்களில் புகுந்தது. அதுவும் குச்சியோடு பயணம் செய்யும். அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவி பெனினிலிருந்து வரவழைக்கப்பட்டு 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. நடவுக் குச்சியை மருந்துக் கரைசலில் நனைத்து நடும்படி வேளாண் துறையினர் இன்றும் சொல்லிவருகின்றனர்.