கோலும் பந்தும் பணயமும்

விளையாட்டுக்கும் சூதுக்கும் இடையே உள்ள எல்லையை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் உதகமண்டலமே அதற்குச் சான்று பகர்கின்றது.

1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படையதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் காசு வைத்து ஆடிப் பொழுது போக்கினர். அவ்வாட்டத்தில் பல வண்ணப் பந்துகளைச் சேர்த்தார் நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி. (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் இவரல்லர்.) ஸ்னூக்கர் பிறந்த கதை இதுவே. பின்னர்ச் சென்னைப் படைத்தலைவர் ராபர்ட்ஸிடம் பணியேற்று உதகைக்கு வந்த சேம்பர்லேன், அதன் விதிகளை வகுத்தார். 1882ஆம் ஆண்டளவில் அவை உதகை கிளப்பின் ஆட்ட அறையில் எழுதி வைக்கப்பெற்றன. பணயத்தோடு பிறந்த ஆட்டம் நாளடைவில் திறமைக்குரிய விளையாட்டாக வளர்ந்தது. 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை நம் நாட்டு வில்சன் ஜோன்ஸ் வென்றார். 1989இல் யாசின் மெர்ச்சன்ட் ஆசிய ஸ்னூக்கர் பட்டம் பெற்றார்.

அதே மேசைக்கு இருண்ட முகமும் உண்டு. ஸ்னூக்கரின் உறவான 'பூல்' ஆட்டத்தைப் பற்றி ராபர்ட் ராசன் 1961இல் இயக்கிய அமெரிக்கத் திரைப்படம் 'தி ஹஸ்லர்'. பால் நியூமன் நடித்த எட்டி, தன் திறமையை மறைத்து எதிரியை ஏமாற்றிப் பணம் பறிப்பவன். மினசோட்டா ஃபேட்ஸ் என்னும் வல்லவனுடன் 25 மணி நேரம் ஆடுகிறான். ஒரு கட்டத்தில் 18,000 டாலருக்கு மேல் வென்றும் எழுந்து போக மனமின்றி, அத்தனையும் இழக்கிறான். வேறோரிடத்தில் ஏமாந்தவர்கள் அவன் கட்டை விரல்களை முறிக்கின்றனர். அவனை நேசித்த பெண் தன்னுயிரை மாய்த்துக் கொள்கிறாள். இறுதியில் ஃபேட்ஸை வெல்கிறான். ஆனால் அவ்வெற்றியைப் பகிர்ந்து மகிழ அவனுக்கு யாருமில்லை.

இஸ்லாம் திறமையைத் தடுக்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள், அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் (5:90, 91) விலக்குவது சூதையே. பகையும் வெறுப்பும் அதனால் விளையும் என்று அது காரணமும் கூறுகின்றது. எட்டியின் வாழ்வு இதற்கோர் விளக்கவுரை எனலாம்.

இன்று சூதாட மேசையும் வேண்டா, கோலும் வேண்டா. மணிமங்கலத்தில் தங்கி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பகலாக உழைக்கும் நம் இளைஞரின் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே அதற்குப் போதும். இணையச் சூதுக்கு எதிராக 2022இல் தமிழகச் சட்டமன்றமும், 2025இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றின. எனினும் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாதது வீட்டின் கண்ணுக்கு எட்டும். ஆகவே பிள்ளைகளிடம், "என்ன ஆட்டம்?" என்று கேட்பதோடு நில்லாமல், "என்ன பணயம்?" என்றும் அன்போடு கேட்போமாக!