கடல் வந்த பின் வந்த வினாக்கொத்துகள்

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. இலங்கையில் மாண்டோரும் காணாமற்போனோரும் சுமார் 35,000 பேர். மாவட்டக் கணக்கில் ஆகக் கூடிய மவுத்து நமது அம்பாறையில்தான். மருதமுனையிலிருந்து திருக்கோவில் வரை ஜனாஸா இல்லாத கரையோர ஊர் அருமை. நிவாரண லொறிகளுக்குப் பின்னால் வினாக்கொத்துகளோடு உளநல ஆய்வாளர்களும் நாட்டுக்குள் வந்தார்கள்.

நித்திரை வருகிறதா? அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா? பதிலுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். குறித்த எல்லையைத் தாண்டினால் நோய் இருக்கக்கூடும் என்பது கணக்கு.

இந்த முறைக்கு ஒரு போர்க்காலப் பிறப்புண்டு. 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது, போர்முனையில் மனம் கலங்கக்கூடிய சிப்பாய்களை முன்கூட்டியே கண்டறிய விரும்பியது. உளவியலாளர் றொபேர்ட் வூட்வர்த் 'ஆம், இல்லை' என்று பதில் சொல்லும் கேள்விகளை அமைத்தார். பின்னர் வெளிவந்த வடிவத்தில் 116 கேள்விகள். படைக்குப் பயன்படுமுன்னே போர் முடிந்துவிட்டது, முறை மட்டும் நிலைத்தது. 1980இல், வியட்னாம் போரிலிருந்து திரும்பியோரின் அனுபவத்தை முக்கியமாகக் கொண்டு, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 'மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோய்' என்பதைத் தன் கையேட்டில் சேர்த்தது. சுனாமிக்குப் பின் வந்த வினாக்கொத்துகள் பல இந்த நோயைத் தேடி வந்தவையே.

கடல் வந்த மூன்று நான்கு வாரத்தில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 264 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இடத்துக்கிடம் 14 முதல் 39 சதவீதமானோரிடம் அறிகுறிகள் இருந்தன. அறிகுறி ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. ஆகவே அவர்களே அதை முதற்கட்டக் கணக்கு என்றுதான் எழுதினார்கள். வாசிப்பவர் மனதில் தங்குவதோ சதவீதம் மட்டுமே.

இனி நமது வீட்டுக்குள் வருவோம். அன்று கணவனை இழந்த, கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு இத்தா நாலு மாதமும் பத்து நாளும். மே முதல் வாரம் வரை. இடையில் போய் "வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா?" என்றால் 'ஓம்' என்றுதான் சொல்வாள். "உங்கள் எதிர்காலம் குறுகிப்போனதாகத் தோன்றுகிறதா?" என்றால், "நாளைக்கு ஹயாத்தோ மவுத்தோ, அல்லாஹ்தானே அறிவான்" என்பாள். மார்க்கக் கடமையும் கத்ரின் மீதுள்ள ஈமானும் தாளில் நோயின் புள்ளிகளாகிவிடும். அவளுடைய உண்மையான நோவோ "நெஞ்சடைக்குது, உடம்பெல்லாம் உளையுது" என்று வரும். அதற்குத் தாளில் இடம் இல்லாமலும் போகலாம். சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால், ஹராம் என்ற அச்சத்தில் 'இல்லை' என்று மறைத்தும் விடுவாள்.

இந்தக் குறையைச் சரிசெய்ய முனைந்தவர்களுள் ஒருவர் இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ. அவர் முதலில் மக்களிடம் கதை கேட்டார். அவர்கள் சொன்னவற்றிலிருந்தே கேள்விகளை எடுத்து, இலங்கையருக்கென ஓர் அளவுகோலை 2008இல் வெளியிட்டார். உடல் நோவும், குடும்பத்திலும் ஊரிலும் தன் பொறுப்பைச் செய்ய முடியாமற்போவதும் துயரத்தின் அடையாளங்கள் என்பதை அவரது ஆய்வு காட்டியது.

நமது மரபுக்கு இது புதிதல்ல. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, காரணம் தெரிந்த கவலையையும் தெரியாத கவலையையும் அன்றே பிரித்து எழுதினார். இப்னு ஸீனாவைப் (980–1037) பற்றி 'சஹார் மகாலா' என்ற பாரசீக நூல் ஒரு கதை சொல்கிறது. ஜுர்ஜான் நகரில் ஓர் இளைஞன் நோயுற்றுக் கிடந்தான். இப்னு ஸீனா அவன் நாடியில் விரல் வைத்துக்கொண்டு, ஊரை நன்கறிந்த ஒருவரை அழைத்து, பகுதிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஒரு பெயரில் நாடி துடித்தது. பிறகு தெருக்கள், வீடுகள், ஆட்களின் பெயர்கள். நோய் காதல் என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய மருத்துவருக்கும் ஊர் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

ஆகவே வினாக்கொத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல என் கருத்து. 'ஈமான் குறைவு', 'ஜின் பிடித்திருக்கு' என்று வீட்டுக்குள் மறைக்கப்படும் நோயாளிக்கு அது ஒரு வாசல். புள்ளியைத் தீர்ப்பாக எடுக்காமல், மருத்துவரிடம் போவதற்கான காரணமாக எடுக்க வேண்டும். அடுத்த வினாக்கொத்தைத் தமிழாக்கும்போது நமது பெண்களும் குடும்பநல உத்தியோகத்தரும் மௌலவிமாரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். இத்தாவை நோயாக எழுதாத, நோயை விதியென்று தள்ளிவிடாத கேள்விகளை அவர்களால்தான் அமைக்க முடியும்.