பஞ்சு எரிவது எதனால்? கஸ்ஸாலியும் பௌத்தமும்

கண்டியில் பள்ளிவாசலும் விகாரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தீ ஏன் சுடுகிறது என்ற கேள்வியில் இவ்விரு மரபுகளும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதை இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை. பேச வேண்டும்.

மெய்யியலாளர்களை மறுத்து இமாம் கஸ்ஸாலி 1095இல் முடித்த 'தஹாபுதுல் பலாஸிபா'வின் 17ஆம் விவாதம் பஞ்சில் தொடங்குகிறது. பஞ்சில் தீ பட்டது, எரிந்தது. நாம் கண்டது அவ்வளவுதான். தீ படும்போது எரிந்ததைக் கண்டோம். தீயால்தான் எரிந்தது என்பதை எந்தக் கண்ணும் காணவில்லை. உயிரில்லாத தீக்குச் செயல் ஏது? எரியவைப்பவன் அல்லாஹ், நேராகவோ மலக்குகள் (வானவர்கள்) வழியாகவோ. தீயை அடுத்து எரிதல் வருவது அவன் நடத்தும் வழமை. அவன் நாடினால் இப்ராஹீம் நபிக்கு நெருப்புக் குளிரும்.

பௌத்தம் காட்டுவது விளக்கை. எண்ணெயையும் திரியையும் சார்ந்து சுடர் நிற்கிறது என்கிறது சம்யுத்த நிகாயம். ஒற்றைக் காரணத்திலிருந்து எதுவும் பிறப்பதில்லை என்று விசுத்திமக்கத்தில் வாதிடுகிறார் புத்தகோசர். தமிழருக்கு இது புதிதல்ல. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு நிதானங்களை மணிமேகலை விரித்துச் சொல்கிறது.

ஆக, தீ தனித்து எதையும் செய்வதில்லை என்பதில் இருவரும் ஒன்று. கஸ்ஸாலி அதன் வல்லமையை எடுத்து இறைவனிடம் சேர்க்கிறார். பௌத்தம் பல சார்புகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது. உலக ஒழுங்கு அவருக்கு இறைநாட்டம். பௌத்தத்துக்கோ, புத்தர்கள் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் நிலைத்திருக்கும் நியதி.

காரணத்தை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்று மெய்யியலாளர் இப்னு ருஷ்து கஸ்ஸாலியைச் சாடினார். அந்தச் சாடல் முழு நியாயம் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவம் கற்பது சமுதாயத்தின் மீது பர்ளு கிபாயா (கூட்டுக் கடமை) என்று தம் 'இஹ்யா' நூலில் எழுதியவரும் இதே கஸ்ஸாலிதான். வழமையை நம்பாதவர் மருந்தை நம்புவாரா?

இதே கண்டி மாவட்டத்தில், 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் வன்முறைக் கும்பல்களால் எரிக்கப்பட்டன. எல்லாச் செயலையும் இறைவனே படைக்கிறான் என்றால் தீ வைத்தவனுக்குப் பொறுப்பில்லையா? உண்டு என்கிறது கஸ்ஸாலி சார்ந்த அஷ்அரி மரபு: செயலைப் படைப்பவன் இறைவன், அதைச் சம்பாதிப்பவன் மனிதன், மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டியவனும் அவனே. பௌத்தத்தில் கணக்குக் கேட்க ஒருவர் இல்லை. ஆனால் எண்ணமே கம்மம் (வினை); எரிக்க எண்ணிக் கொளுத்தியவனிடமே அதன் விளைவு வந்து பழுக்கும்.