அளவுகோல் ஏறிய அரியணை

நூலகத்துக்கென்று செய்யப்பட்ட ஓர் அளவுகோல், அறிவுலகின் அரியணையில் ஏறி அமர்ந்த வரலாறு இது. மன்னர் பலர் முடியிழந்த அதே நூற்றாண்டிலேதான் இந்தப் புதிய முடிசூட்டு விழாவும் நடந்தது!

1955ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டு யூஜின் கார்ஃபீல்டு, 'சயின்ஸ்' ஏட்டிலே கருத்தொன்றை வெளியிட்டார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று தொகுத்துவிட்டால், ஒரு கருத்து கிளைத்துப் படரும் வழியை ஆய்வாளர் எளிதில் காணலாம் என்றார். நல்ல நோக்கம், நல்ல கருவி. அத்தொகுப்பிற்கு ஏடுகளைத் தேர்ந்தெடுக்க, 1960களில் அவரும் இர்விங் ஷேரும் 'தாக்கக் காரணி' என்னும் எண்ணை உருவாக்கினர். ஓர் ஏடு முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், இவ்வாண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அக்கட்டுரைகளின் தொகையால் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். 1975இல் ஏடுகளின் பட்டியலாகவே அது வெளிவந்தது.

எந்த ஏட்டை வாங்குவது என்று நூலகர் கேட்டார். எண் விடை சொன்னது. எவருக்குப் பதவி தருவது என்று பல்கலைக்கழகங்கள் கேட்டன. அதற்கும் அதே எண்ணை விடையாக்கினர்! கேள்வி மாறியது, விடை மாறவில்லை. கேடு அங்கேதான் பிறந்தது.

ஏட்டின் சராசரி, கட்டுரையின் தரமாகுமா? ஓர் ஏட்டிலே சில கட்டுரைகள் மேற்கோள்களை வாரிக் குவிக்கும். மற்றவை அவற்றின் நிழலிலே நின்று பெருமை பெறும். இதனை நார்வே நாட்டு அறிஞர் பெர் செக்லன் 1997இல் தெளிவாக எடுத்துக்காட்டினார். தனி ஆய்வாளரை அளக்க இந்த எண்ணைப் பயன்படுத்துவது தகாது என்று கார்ஃபீல்டே எச்சரித்தார். படைத்தவர் சொல்லும் பலிக்கவில்லை!

அளவுகோல் ஆளத் தொடங்கினால் என்ன விளையும்? ஹங்கேரியிலே பிறந்த கத்தலின் கரிக்கோவை எண்ணிப் பாருங்கள். ஆய்வாளர் ஈட்டிவரும் மானியத் தொகையும் ஓர் அளவுகோல்தானே! எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு மானியம் கிட்டாத அவரை, 1995இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பதவியிறக்கியது. அவரோ ஆய்வை விடவில்லை. 2005இல் ட்ரூ வைஸ்மனுடன் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு அன்று பெரிதாகப் பேசப்படவுமில்லை. 2020இல் கொரோனாத் தடுப்பூசிகளுக்கு அதுவே அடித்தளம். 2023இல் அதற்கே நோபல் பரிசு. அவர் மனந்தளர்ந்து விலகியிருந்தால்? அப்படி விலகியோர் எத்தனை பேர்? அவர்களை எண்ணிச் சொல்ல எந்த எண்ணும் இல்லை!

எதிர்ப்பும் எழுந்தது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள், ஏட்டின் எண்ணைக்கொண்டு ஆய்வாளரை அளக்காதீர் என்று முழங்கினர்; அவர்தம் சாற்றுரை 2013இல் வெளிவந்தது. 2015இல் லெய்டன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்தது. ஏட்டின் பெயருக்கேற்பப் பொற்கிழி வழங்கிவந்த வழக்கத்தை நிறுத்துமாறு 2020இல் சீன அரசு ஆணையிட்டது. 2022இல் ஐரோப்பிய நிறுவனங்கள் பல, மதிப்பீட்டைத் திருத்த உடன்படிக்கை செய்துகொண்டன.

எண்ணை எறிந்துவிட்டால் பரிந்துரையும் பழக்கமும் பதவியாளர் தயவும் கோலோச்சாவா என்று கேட்போர் உண்டு. நேரிய கேள்வி! ஆதரவற்ற இளைஞனுக்குச் சிலவேளை எண் கேடயமாகவும் நின்றதுண்டு. ஆதலால் எண்ணை அகற்றுவது மட்டும் சீர்திருத்தமாகாது. ஆய்வைப் படித்தே தீர்ப்பளிக்க வேண்டும். தீர்ப்புக்குக் காரணத்தை எழுத்திலே தர வேண்டும். அதை மறுத்துப் பேசும் உரிமை ஆய்வாளருக்கு இருக்க வேண்டும். எண் துணைக்கு வரட்டும். தீர்ப்பிருக்கையில் அமர வேண்டாம்.

அறிவை அளக்க வேறு குறுக்குவழி இல்லை, தோழர்களே! ஏட்டின் அட்டையைப் பார்த்தது போதும். உள்ளே எழுதியிருப்பதைப் படிப்போம்!